தள்ளிப்போன வடைமாலை

அம்மாவின் மலத்தைப் பற்றி நான் மூன்று வருடம் ஒரு நோட்டு எழுதினேன். எங்கே தொடங்கினாலும் இந்த விஷயம் கழிப்பறைக்குத்தான் வந்து சேரும் என்பதால் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன். மகளுக்குப் பின்னால் ஆங்கில எழுத்துப் பழக உதவும் என்று முன்கூட்டியே வாங்கிவைத்த நாலுகோடு நோட்டு ஒன்று கிடந்தது. அதில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, நேரம், எத்தனை தடவை, இறுக்கமா இளக்கமா, நிறம், கடைசியாக ரத்தம். அந்தக் கடைசிக் கட்டத்தில் மூன்று வருடமும் 'இல்லை' என்று என் கையெழுத்து வரிசையாக நிற்கிறது. நல்ல கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அப்பா அதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். என் கணவர் மஸ்கட்டில். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். குடலின் வலது பக்கத்தில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ப் பூத்தொடுக்க வரவில்லை. குடல் போனதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய குறை.

கவலைப்படுவதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி. கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்து, பார்த்தேனா என்று பேருந்தில் உட்கார்ந்து யோசிக்கிறவள். இப்படிப்பட்டவள் கையில் ஒரு புற்றுநோயாளி கிடைத்தால் என்ன ஆகும்? அம்மா கழிப்பறைக்குள் போனால் நான் வெளியே நோட்டோடு நிற்பேன். அவள் வெளியே வருமுன் தண்ணீர் ஊற்றிவிட்டால் சண்டை.

"கெவர்மெண்டு ஆபீசுல கூட ஒருத்திக்க பீக்கு இம்புட்டு ரிக்கார்டு இருக்காது மக்ளே. நான் செத்தா இந்த நோட்டையும் கூட வச்சு எரிச்சிரு. மேல கேட்டாங்கன்னா காட்டணும்லா" என்பாள்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டும் வரும். முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அதிகம் பேசாத மனிதர். கேள்வியை அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் என் வாயிலிருந்து வரும். பசி எப்படி? நல்லா இருக்கு டாக்டர், காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் சம்பா அரிசிக் கஞ்சி. தூக்கம்? ஆறு மணி நேரம் டாக்டர். அம்மா அந்த நேரத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை அவர் அம்மாவிடம், நீங்க ஒண்ணும் பேசமாட்டீங்களா என்று கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.

சிகிச்சைக்கு முன் அம்மா ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு நூற்றெட்டு வடையில் மாலை. ஆனால் அம்மாவின் நேர்ச்சையில் நிபந்தனை இருந்தது. மூன்று வருடம் நோய் திரும்பி வரக் கூடாது, வராவிட்டால் மாலை. இப்போதே சாத்திவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். முதலிலேயே கொடுத்துவிட்டால் அவருக்கு வேலையில் சிரத்தை இருக்காது என்றாள். வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவரிடமும் அம்மா இப்படித்தான் நடந்துகொண்டாள்.

மூன்று வருடம் போன ஆடியில் முடிந்தது. ஸ்கேன் சுத்தம், ரத்தப் பரிசோதனை சுத்தம், உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததும் சுத்தம். ஆவணியில் ஒரு சனிக்கிழமை வடைமாலைக்கு ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை அம்மா முட்டு வலிக்கிறது என்றாள். தள்ளிவைத்தோம். அடுத்து நாள் குறித்தேன். அப்போது தலை கனக்கிறதாம். மூன்றாம் தடவை வானம் இருட்டுகிறது என்றாள். வானம் அப்போது வண்ணான் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது.

"ஆஞ்சநேயரு எங்க போவப் போறாரு? அங்ஙனதான் நிக்காரு" என்றாள்.

அது மட்டுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள், போவதை நிறுத்தியிருந்தாள். சாயங்காலம் விளக்கேற்ற என்னைச் சொன்னாள். எனக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் இருப்பு கொள்ளவில்லை. கைபேசியில் தேடினேன். புற்றுநோய் வந்து போனவர்களுக்கு மனச்சோர்வு வரும் என்று போட்டிருந்தது. நோய் மூளைக்குப் பரவினால் குணம் மாறும் என்றும் போட்டிருந்தது. அன்று முழுவதும் அம்மாவிடம் இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எட்டாம் தடவை கேட்டபோது, உங்கம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

பிறகு சந்தேகம் பக்கத்து வீட்டு டீச்சர் மேல் போனது. மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் முப்பது வருடச் சிநேகிதம். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். சரி, ஆளைச் சபையில் சேர்த்துவிட்டார் என்று முடிவு செய்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில் ஓரமாகக் கருவேப்பிலை பறிக்கிறதுபோல நின்று ஒட்டுக்கேட்டேன். இரண்டு கிழவிகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர், பைபிளில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ சொன்னார். நான் அதைப் பிரசங்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. அலமாரியில் என் நாப்கின் பாக்கெட் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். நான், எனக்கு அதிகம் போகிறதோ, கர்ப்பப்பையில் கட்டியோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, போன மாதம் வாங்க மறந்திருப்பேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். வீட்டில் மூன்று பெண்கள். ஒருத்திக்கு ஐந்து வயது, ஒருத்திக்கு அறுபத்தொன்று. மிச்சம் நான்தானே.

புரட்டாசியில் மருத்துவரிடம் ஒரு நடை போய்வந்தோம். அவர் நோட்டைப் புரட்டினார். அம்மாவைப் பார்த்து, எங்கேயாவது ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

கார்த்திகையில் நான் பிடிவாதமாக ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். கோவிலில் வடைமாலைக்குச் சொல்லிவைத்து, ஆட்டோ பேசி, மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டேன். அம்மாவும் மறுக்காமல் புதுப்புடவை உடுத்திக்கொண்டு வந்தாள். ஒரு வழியாக நடக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். கோபுர வாசலில் செருப்பு விடுகிற இடம் வரை வந்தவள், அங்கேயே ஒரு ஓரமாக நின்றுவிட்டாள்.

"நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வா. நான் செருப்பப் பாத்துக்கிடுகேன்."

செருப்புக்குக் காவல் வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது என்றேன். ஆளை நம்ப முடியாது என்றாள். மூன்று ஜோடி ரப்பர் செருப்பு.

"நேந்தது நீ. நான் போயி அவருகிட்ட என்ன சொல்லுகது?"

"எங்கம்மா வெளிய நிக்கான்னு சொல்லு. அவருக்குத்தான் உயரம் உண்டும்லா, எட்டிப் பாப்பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூக்காரிகள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல், நீ மதம் மாறிவிட்டாயா என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து மதில் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்குத் தீட்டு."

நான் சிரித்துவிட்டேன். எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். அறுபத்தொரு வயதிலா என்று கேட்டுச் சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்து மகளும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"ஆடிப் பதினெட்டுக்கு வந்துச்சு. நின்னுச்சு. பொறவும் வந்துச்சு. இப்பம் நிக்கவே மாட்டேங்கு" என்றாள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நான் விரலை மடக்கி எண்ணினேன். எண்ணும்போதே என் நாப்கின் பாக்கெட்டுகள் கண் முன்னால் வந்தன. மூன்று தடவை தள்ளிப்போன வடைமாலை வந்தது. அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் எம்.எஸ்சி. படித்தவள். வீட்டில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நான் நாலுகோடு நோட்டில் 'இல்லை' எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதிய வரைக்கும் பொய் இல்லை. மலத்தில் ரத்தம் இல்லைதான். வேறு எங்கே என்று நோட்டில் கட்டம் இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நோட்டுல எழுதுவ."

"டாக்டர் கேட்டாருல்லா. எங்கயாவது ரத்தம் உண்டான்னு உன் மூஞ்சியப் பாத்துத்தான கேட்டாரு?"

"நீ இல்லன்னுட்ட. படிச்ச பிள்ள, அம்புட்டு உறுதியாச் சொல்லுகா. நான் குறுக்க உண்டும்னு சொன்னா அவருக்க முன்னால உனக்குக் கொறச்சல் இல்லியா?"

அம்மா இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். என் மரியாதையைக் காப்பாற்ற நான்கு மாதம் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். சொல்லிவைத்த வடை என்ன ஆவது என்று அம்மா கேட்டாள். சரி என்று மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஆஞ்சநேயர் வழக்கம்போல வானத்துக்கும் பூமிக்குமாகக் கைகூப்பி நின்றார். கழுத்தில் எங்கள் மாலை ஏறியது. வந்த நோய் போனதற்கு நன்றி சொல்வதா, இன்னொன்று வந்திருக்கிறதோ என்று முறையிடுவதா என்று தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று கொடுத்த மாலை. வேலை முடிந்ததா என்று எனக்கே தெரியவில்லை. எங்கம்மா வெளியே நிற்கிறாள், எட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆட்டோவை நேராக நாகர்கோவிலுக்கு விடச் சொன்னேன். பெண்கள் மருத்துவரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மடியில் பிரசாத வடை. அனுமார் வடை தெரியும்தானே, மிளகு போட்டு, தட்டினால் சத்தம் கேட்கும். அம்மா ஒன்றை எடுத்துக் கடக்கென்று கடித்தாள். வயிறு பெரிதாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் மகள் ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டு வந்தாள். எங்க ஆச்சிக்குத் தீட்டு, அதனால வடை என்று எல்லோரிடமும் விளக்கமும் சொன்னாள்.

அந்த மருத்துவர் வேகமானவர். ஸ்கேன் எடுத்தார். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அம்மா சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து வருவதற்குத் தீட்டு என்று பெயர் இல்லை, அது ரத்தப்போக்கு, ஒரு நாள் வந்தாலும் காட்ட வேண்டும் என்றார். அம்மா தலையாட்டினாள். சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளில்தான் திருக்கார்த்திகை வந்தது. எங்கள் பக்கம் அன்று பனையோலைக்குள் மாவு வைத்துக் கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். அம்மா மரத்த விரலால் ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்தார். வந்ததும், ரத்தம் போகிற விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்றார். அம்மா ஆவணியிலேயே அவரிடம் சொல்லிவிட்டாளாம். முதலில் இருவரும் சிரித்திருக்கிறார்கள். உனக்கு வாலிபம் திரும்புகிறது, உன் மகளுக்கு ஒரு தங்கச்சி பிறக்கப் போகிறாள், தொண்ணூறு வயதிலும் பிள்ளை பெற்றவள் உண்டு என்று டீச்சர் கேலி செய்திருக்கிறார். பிறகு பயந்து, மகளிடம் சொல் என்றிருக்கிறார். அவளிடம் நீ சொன்னால் உன் வீட்டு நடையேற மாட்டேன் என்று அம்மா மிரட்டியிருக்கிறாள்.

"முப்பத்தாறு வருசம் பிள்ளையளுக்கு உண்மை பேசச் சொல்லிக் குடுத்தேன் மக்கா. எனக்கு ஒரு வார்த்த வாயில வரல்ல" என்று சொல்லி அவர் அழுதார்.

அம்மா அவர் கையில் ஒரு கொழுக்கட்டையைத் திணித்து, "அழுதுக்கிட்டே தின்னாதே, தொண்டையில அடைக்கும்" என்றாள்.

முடிவு வந்தது. கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். எனக்கு வந்த முதல் நினைப்பு, குடலில் இருந்தது பரவிவிட்டது, எல்லாம் முடிந்தது என்பதுதான். ஆனால் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. இது அதனுடைய பிள்ளை அல்ல, தனியாக முளைத்தது என்றார். பழைய நோயின் சதையையும் புதியதன் சதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்களாம். குடலில் வந்த சிலருக்குப் பிறகு வேறு உறுப்பில் புதிதாக ஒன்று வருவதுண்டு. சில குடும்பங்களில் பிறவியிலேயே அதற்கான கோளாறு இறங்கிவருகிறது. பெண்களாக இருந்தால் கர்ப்பப்பையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மூன்று வருடம் ஒரு வாசலில் காவல் நின்றிருக்கிறேன். அது வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பிடித்தது. மணவாளக்குறிச்சிச் சித்தி தொலைபேசியில், பரவிட்டாமே அக்கா என்று அழத் தொடங்கியதும், அம்மா ஆளே மாறிவிட்டாள்.

"ஆரு சொன்னா பரவிச்சுன்னு? பழசு போயாச்சு. இது வேற. புதுசாக்கும். அது குடலுக்க நோய், இது கர்ப்பப்பைக்க நோய். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

அன்று நாலு பேர் பேசினார்கள். நாலு பேருக்கும் 'புதுசாக்கும்' என்று விளக்கம் சொன்னாள். கடையில் புது மாடல் மிக்ஸி வந்திருக்கிறது என்று சொல்கிற குரல். ஆஞ்சநேயர் ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், பழையது திரும்பவில்லையே என்று அவருக்காகவும் வாதாடினாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக மறுபடியும் அழுதேன்.

எங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வந்தது என்று கேட்டு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அம்மாவின் அம்மா எப்படி இறந்தார்? நாற்பத்தெட்டு வயதில் ரத்தம் போய், யட்சிப் பேய் அடித்து என்று ஊரில் பேச்சு. மருத்துவர் வட்டத்துக்குள் கறுப்பாக நிரப்பினார். அம்மாவின் அண்ணன்? தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்றுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்லப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"மரத்துல ஏறினதே கெடையாது டாக்டர். பாங்கில கிளார்க்கு. மலத்துல ரத்தம் போயித்தான் செத்தாரு. வீட்டுல கட்டிக்குடுக்க ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருந்தோம். குடல் அழுகிச் செத்தான்னு சொன்னா எவன் பெண்ணெடுப்பான்? அதுனால மரத்துல ஏத்தி விட்டாங்க."

ஏறாத மரத்திலிருந்து விழுந்த மாமாவின் சதுரமும் கறுப்பானது. அந்தத் தாளின் கீழ்ப்பக்கம் ஒரு வட்டம் வெள்ளையாக இருந்தது. அது நான். அதற்குக் கீழே இன்னும் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம்.

தையில் திருவனந்தபுரத்தில் வைத்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அறுவை அறையிலிருந்து மருத்துவர் வெளியே வந்து பேசும்வரை நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு மாதம் போய்விட்டதே, அந்த நான்கு மாதத்தில் அது வெளியே கால் வைத்திருந்தால் அதற்கு என் 'இல்லை'தான் காரணம் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. சதைப் பரிசோதனை முடிவு வந்தது ஒரு வாரம் கழித்து. அது கர்ப்பப்பைக்குள்ளேயே நின்றிருந்தது. வெளியே எங்கும் போகவில்லை. மருந்து ஏற்ற வேண்டாம், கதிர் வேண்டாம், ஒழுங்காக வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

"மொதல்ல குடல்ல பாதி, இப்ப இது முழுசா. இனி ஆரு வந்தாலும் கொண்டு போவதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

பங்குனியில் மறுபடியும் பழைய குடல் மருத்துவரிடம் போனோம். நோட்டு கொண்டுபோகவில்லை. பதில் சொல்லக் கூடாது என்று முந்தின நாளே எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். மருத்துவர், எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அம்மா தொடங்கினாள். எத்தனை தடவை, எந்த மாதிரி, சத்தம் எப்படி, எதைத் தின்றால் எது என்று கையால் வடிவம் காட்டிச் சொன்னாள். மூன்று வருடப் பாக்கி. பத்து நிமிடம் ஆனது. மருத்துவர் நடுவில் இரண்டு தடவை என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். நான் அமாவாசை என்றைக்கு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கேட்டு முடித்தவர் என் பக்கம் திரும்பினார். அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் அந்தப் பிறவிக் கோளாறு தெரிந்துவிட்டது, உங்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு, அம்மாவிடமிருந்து வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றார். ரத்தத்தை அனுப்பி முடிவு வர நாளாகும். முப்பத்திரண்டு வயது ஆகிறது, அதற்குக் காத்திருக்காமல் குடலைப் பார்த்துவிடலாம். பிறகு அதே கேள்வி. எங்கேயாவது ரத்தப்போக்கு உண்டா?

'இல்லை' நாக்கின் நுனியில் தயாராக நின்றது. எழுதி எழுதிப் பழகிய சொல். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உண்டு டாக்டர். பிள்ள பெத்ததுல இருந்து. எப்பவாவது. மூலம்னு நெனச்சேன்."

"அஞ்சு வருசமா? எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?" என்றாள் அம்மா.

அவளுக்காவது நான் நோட்டில் எழுதிவிடுவேன் என்ற பயம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை. அவளுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னுடையதைப் பார்க்க வேண்டாம் என்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் மூலத்திலிருந்துதான். ஆனால் உள்ளே மொட்டுபோல இரண்டு சின்ன வளர்ச்சிகள் இருந்தன; அதே குழாய் வழியாக எடுத்துவிட்டார்கள். கெட்டது இல்லை, கிடந்திருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். என் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மகளின் வட்டத்துக்கு அவள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் என்னால் இன்னும் யோசிக்க முடியவில்லை.

எனக்கு மறக்காதது குழாய் விடுவதற்கு முந்தின நாள் மத்தியானம். குடலைச் சுத்தம் செய்ய இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் சேர்ந்த கடல் தண்ணீர் மாதிரி. கால் மணிக்கு ஒரு தம்ளர். அம்மா ஒவ்வொன்றாக ஊற்றி நீட்டினாள். அவளுக்கு நான் மூன்று தடவை இதே மாதிரி நீட்டியிருக்கிறேன். அதையெல்லாம் அவள் ஓர்மையில் வைத்திருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூக்கைப் பிடிக்காதே, குமட்டும் என்றாள். அதுவும் நான் சொன்ன வசனம்தான்.

ஐந்தாவது தம்ளரில் வேலையைக் காட்டத் தொடங்கியது. நான் உள்ளே ஓடினேன். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி இழுக்கிற சத்தம். அம்மா உட்கார்ந்துவிட்டாள். மகள் என்ன எழுதுகிறாய் ஆச்சி என்று கேட்பது கேட்டது. நாலுகோடு நோட்டின் தாள் புரள்கிற சத்தமும் கேட்டது.

"எத்தன ஆச்சு?"

"ஏழு."

"கலர் என்ன?"

"மஞ்ச."

"எந்த மஞ்ச? மட்டிப்பழ மஞ்சளா, சாம்பார் மஞ்சளா? ஒழுங்காச் சொல்லு. நான் இங்ஙன எழுதணும்லா."

"அம்மா, மானத்த வாங்காத."

"எனக்க மானத்த மூணு வருசம் எழுதினவதான நீ. ரத்தம் உண்டா?"

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் பார்த்தேன். என்னையே சந்தேகப்படுகிற ஆள்தானே, மூன்றாம் தடவையும் பார்த்தேன். வெளியே பேனா காத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உண்டும்மா" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. எழுதுகிற சத்தம் கேட்டது. "தண்ணிய ஊத்திராத. நான் வந்து பாக்கேன்."